காசுக்கு ஒரு சட்டை

ரொட்டி வண்டி ஓட்டுகிறவருக்குக் கடைத்தெருவில் லென்ஸ் என்று பெயர். பெட்டிக்கடை, மருந்துக்கடை, பள்ளிக்கூட வாசல் கடை என்று எங்கே ரொட்டி இறக்கினாலும் பணத்தில் பாதி சில்லறையாகத்தான் வரும். மற்ற டிரைவர்கள் சில்லறையைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். இவர் மட்டும் நோட்டை ஒதுக்கிவிட்டுச் சில்லறையைக் கேட்டு வாங்குவார். வண்டியின் பின்கதவைத் திறந்து, காலி டிரேயைக் கவிழ்த்து, அதன் மேல் காசைப் பரப்பி, சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணோடு ஒட்டிக்கொள்வார். பிடித்த காசை எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடான காசைத் தன் பையிலிருந்து போட்டுவிடுவார். அதில் ஒருநாளும் பிசகியதில்லை.

"என்ன லென்ஸ், புதையல் ஏதாச்சும்?" என்பார் மருந்துக்கடைக்காரர்.

"கிடைச்சா மொதல்ல உங்க கடையைத்தான் விலை பேசுவேன்."

"அப்ப கவலையே இல்ல. பேரன் காலம் வரைக்கும் கடை எங்க கையிலதான்."

லென்ஸும் சேர்ந்துதான் சிரிப்பார். அவர் தேடியது பெரிய புதையல் எல்லாம் இல்லை. குறைவாக அடித்த வருடம் ஒன்று, எழுத்து இரட்டையாக விழுந்த காசு ஒன்று, தலை நேராக இருக்கப் பூ சாய்ந்து நிற்கும் காசு ஒன்று. நாலு பேர் கை மாறி வந்ததில் நாலு பேரும் பார்க்காததைத் தான் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஆசை பிஸ்கட் டின்களாக வளர்ந்து கட்டிலுக்கு அடியை நிரப்பியிருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டையும் பிடித்துக்கொண்டது. மனைவி அந்த அறையில்தான் தையல் மிஷின் போட்டிருந்தாள். ஜன்னலோரம் மிஷின், சுவரோரம் கட்டில், மீதி இடமெல்லாம் அடுத்தவர்களின் துணி.

மகள் கைக்குழந்தையோடு வந்து சில மாதம் இருக்கப்போகிறாள் என்று தெரிந்த அன்று, மனைவி இன்ச் டேப்பால் அறையை அளந்தாள். எப்படி அளந்தாலும் தொட்டிலுக்கு இடம் வரவில்லை.

"என்னங்க, ஒண்ணு தொட்டில் இருக்கணும், இல்ல உங்க டின்னு இருக்கணும்."

"அதுல நல்ல காசு இருக்குதும்மா."

"இருக்கட்டும். காசு பத்தித் தெரிஞ்சவங்கள வச்சுப் பாத்துடுவோம். தேறுச்சுன்னா வேற இடம் பாக்கலாம். தேறலைன்னா நீங்க ரொட்டி போடுற கடைகளுக்கே சில்லறையாப் போயிடணும். சம்மதமா?"

அவர் சம்மதித்தார். பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

பழைய காசு வாங்கி விற்கும் கடைக்காரர் ஒருவர், பேன்ட்டின் இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லி அவளிடம் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பேன்ட்டை வாங்க வந்தவரை அப்படியே கட்டிலில் உட்கார வைத்து, எதிரில் டின்களை அடுக்கினார்கள். மனைவி மிஷினுக்குத் திரும்பி யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடிக்க ஆரம்பித்தாள். காது மட்டும் இந்தப் பக்கம்.

காசுக்கடைக்காரர் ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பார்த்ததை இடது பக்கம் வைத்தார். வலது பக்கம் காலியாகவே இருந்தது. ஒரு காசு மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இத யாரு தேச்சது?"

"நான்தான். ஆரம்பத்துல. அழுக்கா இருந்துச்சேன்னு..."

"பல்பொடியா?"

"பல்பொடிதான்."

"பல்ல விளக்கலாம் ஐயா, காச விளக்கக் கூடாது. அழுக்கோட இருந்திருந்தா எந்திரிச்சு நின்னு வாங்கியிருப்பேன்."

கடைசி டின்னையும் மூடிவிட்டுக் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். நல்ல மனுஷர். எப்படிச் சொல்வது என்று அவருக்கே சங்கடமாக இருந்தது.

"தேடுறதுல குறை சொல்ல முடியாது. ஆனா நல்ல வருஷமா இருக்கிறது தேஞ்சிருக்கு. தேயாம இருக்கிறது ஊர் முழுக்கக் கிடக்கு. பெட்டிக்கடையில என்ன மதிப்போ என் கடையிலயும் அதான்."

மிஷின் சத்தம் நின்றது. மனைவி நூலை அறுத்துப் பாவாடையை மடித்து வைத்தாள்.

"சரி விடுங்க," என்றார் லென்ஸ். "நாளைக்கே கடைகள்ல குடுத்துடுறேன். சில்லறைக்குத்தான் எப்பவும் பஞ்சம்."

கடைக்காரரின் பேன்ட் மிஷினுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கியது. அதை எடுக்க மனைவி மிஷினை இழுத்தாள். அதன் ஒரு கால் குட்டை. ஆடாமல் இருக்க அடியில் ஒரு துணித்துண்டை மடித்துத் தைத்து வைத்திருந்தாள். பல வருடமாக அதைப் பார்த்திருந்தும், வெறும் துணி என்றே லென்ஸ் நினைத்திருந்தார். இழுத்த வேகத்தில் இற்றுப்போன தையல் விட்டது. உள்ளேயிருந்து ஒரு காசு உருண்டு வந்து கடைக்காரரின் காலில் முட்டி விழுந்தது.

அவர் எடுத்துக் கொடுக்கத்தான் குனிந்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை. விரலுக்கு நடுவே வைத்து அழுத்திப் பார்த்தார். பையிலிருந்து உள்ளங்கை அளவுத் தராசை எடுத்து நிறுத்தார். கட்டிலை விட்டு எழுந்து ஜன்னலோரம் போனார்.

"இதுக்கு யாரும்மா சட்டை தச்சுப் போட்டது?"

"நான்தான். வெறும் காச வச்சா தரை கீறுது. மத்த காசு ஒண்ணு வச்சா பத்தல, ரெண்டு வச்சா தூக்குது. இது ஒண்ணுதான் அளவா இருந்துச்சு."

"அளவா இருக்காதா பின்ன! வேற காசுக்கு வச்சிருந்த தடித் தகட்டுல இதுக்கு வில்லை வெட்டிட்டாங்க. அச்சடிக்கிற எடத்துலயே நடந்த தப்பு. இந்த மாதிரி நான் கையில தொட்டதே இல்ல. துணிக்குள்ள இருந்ததால பூ அப்படியே பூவா நிக்குது. இத இத்தனை நாள் யாருக்கும் காட்டலையா?"

"காட்டினேன்," என்றாள் மனைவி பேன்ட்டை மடித்துக்கொண்டே. "பால் கடையில வாங்கல. யாரோ கள்ளக்காசுன்னு சொன்னாங்க."

"எந்த மடையன்? கள்ளக்காசு அடிக்கிறவன் உலோகத்த மிச்சம் பிடிப்பானா, கூடப் போடுவானா?"

லென்ஸுக்குப் பல வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. சட்டைப்பையில் புதிதாக வாங்கிய லென்ஸ், வாசற்படியில் ஒரு காலும் வண்டியில் ஒரு காலுமாக அவர், உள்ளங்கையில் காசை நீட்டிக்கொண்டு இவள். லென்ஸை எடுக்கக்கூட இல்லை. 'தடியா இருக்கு, கள்ளக்காசு, தூக்கிப் போடு' என்று சொல்லிவிட்டு வேறு காசு தேடப் போயிருந்தார்.

"அந்த மடையன் நான்தாங்க," என்றார்.

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவிதான் முதலில் சிரித்தாள். "வெண்ணெய மிஷினுக்கு அடியில வச்சுட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சீங்க," என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. அதை லென்ஸைத் துடைப்பது போலச் சமாளித்தார்.

காசை விற்பதா வைத்துக்கொள்வதா என்று அவர் வாயே திறக்கவில்லை. அது அவளுடைய காசு. அவளும் யோசிக்கவில்லை. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு, "தலைப்பக்கம் தேஞ்சிருக்குன்னு கொறைக்கிறீங்க, தடிமன் தேயலையே," என்று பிடித்த பிடியில், மனுஷர் பேன்ட்டின் இடுப்பை மறுபடி தளர்த்தத் தேவையில்லாத அளவுக்கு வேர்த்துப்போனார். கடைசியில், உயரமான ஒரு இரும்பு அலமாரி வாங்கிப் போடுகிற அளவுக்குத் தொகை படிந்தது.

அவர் போனதும் லென்ஸ் டின்களைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோகப் போனார். பேச்சு பேச்சுதான்.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"தேறலையேம்மா."

அவள் மிஷினைப் பழைய இடத்தில் தள்ளி மிதித்துப் பார்த்தாள். மிஷின் தடதடவென்று ஆடியது.

"இத யாரு நிறுத்துறது? டின்ன இப்படி வைங்க. அலமாரி வந்ததும் மேல் தட்டு உங்களுக்கு. துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில போனா தொட்டிலுக்கு எடம் வந்துடும்."

அவர் தரையில் உட்கார்ந்து, டின்னைத் திறந்து, ஒவ்வொரு காசாக மிஷின் காலுக்கு அடியில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். அவள் ஒவ்வொரு தடவையும் மிதித்து, 'ஆடுது' என்றாள், 'தூக்குது' என்றாள். கடைசியில் மெலிந்து தேய்ந்த இரண்டு பழைய காசுகள் சேர்ந்து சரியாக உட்கார்ந்தன. அவள் வெட்டி மிஞ்சிய துணியில் ஒன்றை எடுத்து ஊசியில் நூலைக் கோத்தாள். காசை வாங்கக் கை நீட்டியவள், பாதியில் நிறுத்தினாள்.

"இந்தத் தடவ ரெண்டையும் லென்ஸ் வச்சுப் பாத்துட்டுக் குடுங்க."