கீழ்த்தளத்துப் பந்தி

எங்கள் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ. அவர். மயிலாப்பூர்க்காரர். வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி, கஞ்சி மொடமொடக்கும் வேட்டி. யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். பதவி போய்ப் பல வருஷமாகியும், பத்திரிகை வைத்த வீட்டுக் கல்யாணத்துக்குத் தவறாமல் வருவார். மேடையேறி வாழ்த்துவார், போட்டோவுக்கு நிற்பார், போய்விடுவார். அவர் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

தி.நகர் மண்டபத்தின் மேல்மாடியில் என் அண்ணன் மகளின் வரவேற்பு. அவரைத் தேடிக் கீழே வந்தால், கீழ்த்தளத்தில் வேறு யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தியில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, நம்ம கல்யாணம் மேல."

"மேடை ஏறினப்புறம்தான் தெரிஞ்சுது. பாதியில இறங்கினா அந்தப் பொண்ணுக்குச் சங்கடமில்லையா?" என்றவர், களைத்த குரலில் தொடர்ந்தார். "இங்க யாருக்கும் என்னைத் தெரியலைங்க. சாப்பிட்டுத்தான் போகணும்னு கையைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டாங்க."

கை கழுவிவிட்டு மேலே வந்தார். வாழ்த்தினார், போட்டோவுக்கு நின்றார். உடனே அண்ணன் கூட்டத்தை விலக்கினார்.

"ஐயாவுக்கு ஆயிரம் வேலை இருக்கும், வழி விடுங்கப்பா!"

அவர் மறுக்கவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினார். வழியனுப்பக் கூடவே போனேன். வாசலில் காரைக் காணோம். ஆட்டோவுக்குக் கைத்தடியை நீட்டினார்.

"அடுத்து எங்கங்க ஐயா?"

"வீட்டுக்குத்தான். வேற எங்க?"

அவர் ஏறி உட்கார்ந்ததும் கீழ்த்தளத்துக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பெரியவரே, தாம்பூலம் வாங்காம போறீங்களே!"

தேங்காய்ப் பையை அவர் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுப் பைகள் மேலே மேஜையில் அடுக்கியபடியே இருந்தன.