மொட்டை வேர்

வேரில் ஒட்டியிருந்த முடிச்சைக் கட்டைவிரல் நகத்தால் இரண்டாகக் கிள்ளி வெளிச்சத்தில் பிடிக்கிறார் யூனிஸ். "செகப்பா கீது. வேல செஞ்சிகினு கீது" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். உள்ளே வெளுத்திருந்தால், "இது சும்மா துன்னுட்டு தூங்குது" என்று தனிக் குவியலில் எறிவார். திருப்பதியில் ஒரு வேர்க்கடலை ஆய்வுப் பண்ணையில் இருபத்தெட்டு வருடங்களாக இதுதான் அவருக்கு வேலை. ஞாயிறு ஆராதனைக்கு முன் மற்ற நகங்களை ஒட்ட வெட்டிவிடுவார். அந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு.

வேலைக்கு வந்த புதிதில் அவர் ஒரு பெரும்பாவம் செய்தார். பசித்தாலாவது முடிச்சு விடுமா என்று பார்க்க, பண்ணையின் விஞ்ஞானி பிரபாகர் சார் சில செடிகளைச் சத்தில்லாத மண்ணில் பட்டினி போட்டிருந்தார். முடிச்சே விடாத ரகம் அது, மொட்டை வேர். செடிகள் மஞ்சளாய் வெளுத்து நின்றன. வெதுருகுப்பத்தில் நைனாவின் கடலைக்கொல்லையில் வளர்ந்த பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் செடிக்கொரு சிட்டிகை யூரியா வைத்தார். பத்தே நாளில் பாத்தி பச்சைப்பசேல் என்றானது. சாரின் ஒரு வருட ஆராய்ச்சி மண்ணோடு போனது.

சார் திட்டவில்லை. அதுதான் இன்றுவரை வலிக்கிறது. "ஊட்டிவுட்டா அது ஏம்மா சமைக்கும்?" என்று மட்டும் கேட்டார். மண்ணில் சத்து கிடைத்தால் முடிச்சுக்கான மரபணுவைச் செடி எழுப்புவதே இல்லை. பசித்தால் அது விழித்து, மற்ற மரபணுக்களை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பும். காற்றிலிருந்து உரம் சமைக்கும் பாக்டீரியாவுக்கு வேரில் வீடு எழும்பும். போதும் என்றதும் இலையிலிருந்து உத்தரவு இறங்கி எல்லாம் நிற்கும். மொட்டை வேரில் அந்த முதல் மரபணுவே பழுது. யூனிஸ் சொல்வது: "மெயின் ஸ்விட்சு பூட்ச்சி. ஊட்ல எத்தினி பல்பு இருந்து இன்னா?"

அதைச் சரிசெய்து ஒரே ஒரு முடிச்சாவது பார்த்துவிட வேண்டும் என்று சார் தவியாய்த் தவித்தார். ஆறடி மனிதர் வளைந்து நின்று, லென்ஸை வைத்து மொட்டை வேரைத் துழாவுவது யூனிஸின் கண்ணிலேயே நிற்கிறது. பார்க்காமலே கொரோனா வருடத்தில் கண்ணை மூடினார். லென்ஸ் இன்னும் ஜன்னல் ஆணியில் தொங்குகிறது. அந்த ரகத்தின் விதை அழியாமல் வருடாவருடம் விதைத்துக் காத்தது யூனிஸ்தான்.

சாரின் மாணவி மஞ்சு, அந்த விதையில் மரபணுவைச் சரிசெய்து ஏழு செடிகள் வளர்த்தாள். போன வாரம் வேர்களை அலசினார்கள். ஆறும் மொட்டை. ஏழாவது தொட்டியைக் கவிழ்க்குமுன், "பாவம்னு யூரியா கீரியா வெச்சிட்லையேக்கா?" என்று மஞ்சு கிண்டலடித்தாள். யூனிஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

மண் கரைந்தது. பக்கவேரில் கடுகளவு ஒரு முடிச்சு.

"கிள்ளுக்கா."

நகம் இறங்கியது. உள்ளே சிவப்பு.

யூனிஸ் ஜன்னலுக்குப் போனார். லென்ஸை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தார். தன் கண்ணருகே கொண்டுபோகவில்லை. முடிச்சுக்கு மேலே, சார் குனிந்து பார்க்கிற உயரத்துக்கு அதைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.