எண்ணெய் படக்கூடாத கண்ணாடிக் கதவு

குளியலறைக் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் வேன் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மல்லிகா அக்கா போய்விட்டார். மாரடைப்பாம். குருபோங் தொழிற்சாலை வேனில் எங்களோடு வந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முன்சீட்டு அவருடையது. யார் வாய் சும்மா இருந்தாலும் அவர் வாய் சும்மா இருக்காது. நான் துணியும் கையுமாக ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கதவைத் தேர்ந்தெடுக்க அவரும்தான் வந்தார். போன வருஷம் குளியலறையைப் புதுப்பித்தபோது, பாச்சாங்கில் ஒரு கடைக்கு அவரைக் கூட்டிப்போனேன். குளிக்கும் மூலையை அடைக்கும் கண்ணாடித் தடுப்போடு வரும் கதவுகளில் இரண்டு எனக்குப் பிடித்திருந்தன. ஒன்று அகலமானது, பக்கவாட்டில் தள்ளுவது. இன்னொன்று சட்டமே இல்லாமல், பெரிய ஹோட்டலில் இருப்பதுபோல. ஆனால் உள்ளே ஓர் ஆள் நிற்கத்தான் இடம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தடுப்புக்குள் போய் நின்றார். யாருக்கோ எண்ணெய் தேய்ப்பதுபோல இரண்டு கையையும் தூக்கினார். முழங்கை கண்ணாடியில் 'டொங்'கென்று இடித்தது. கடை முதலாளி தவுக்கே பதறிப்போனார்.

"இது வேணாம்மா. தீபாவளிக்கு உனக்கு எண்ணெய் வைக்க நான் எங்க நிப்பேன்? டாய்லட் மேல ஏறியா?"

சிரித்தேன். சிரித்துவிட்டு அந்தக் கதவையே வாங்கினேன். என் வீடு, என் குளியலறை, இவருக்கு என்ன வந்தது என்று எனக்கு எரிச்சல்.

அம்மா இறந்ததிலிருந்து தீபாவளி விடிகாலையில் அக்காதான் எனக்கு எண்ணெய் வைப்பார். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்ப் புட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். "தலைக்கு எண்ணெய் வைக்க ஆள் இருக்கிற வரைக்கும் யாரும் அநாதை இல்ல" என்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. உச்சந்தலையில் தட்டித் தட்டித் தேய்ப்பார். சீயக்காய் கண்ணில் பட்டு நான் கத்தினால், "வாய மூடு லா" என்று இன்னொரு செம்பு வெந்நீர் ஊற்றுவார்.

போன தீபாவளிக்கும் வந்தார். வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "அக்கா, இந்த வருஷம் எண்ணெய் வேணாம் லா. கண்ணாடியில கறை புடிச்சா போகாது."

"சரிம்மா, புதுக் கதவுதானே" என்று புட்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். தோசை சாப்பிட்டார், சட்னியில் உப்புப் பத்தவில்லை என்றார், கிளம்பிப் போனார். வருத்தமா என்று நான் கேட்கவில்லை. பாவி, கேட்கவே தோன்றவில்லை.

சாவு வீட்டில், குளிப்பாட்டுவதற்கு முன் பெண்கள் ஒவ்வொருவராக அவர் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தோம். "செத்தவங்களுக்குப் புறங்கையாலதான் வைக்கணும்" என்று யாரோ சொன்னார்கள். என்னால் முடியவில்லை. உள்ளங்கை நிறைய எண்ணெய் வாங்கி, அவர் எனக்குத் தட்டுவதுபோலவே உச்சந்தலையில் தட்டினேன். "மன்னிச்சிடுங்க அக்கா" என்றேன். எண்ணெய்க் கையைக் கழுவாமலே கிளம்பினேன்.

வீடு திரும்பியதும் பின்வாசல் வழியாக நேரே குளியலறைக்குப் போய்க் கதவைத் தள்ளினேன். கண்ணாடியில் என் கை ஐந்து விரலோடும் எண்ணெயாகப் பதிந்தது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன். இன்னும் துடைக்கவில்லை.