நார்மல் என்ற சொல்லும் அக்காவின் பிரசவமும்

எங்கள் ஊர் சிம்மக்கல் கடைகளில் தண்ணீர் பாட்டில் கேட்டால் "கூலிங்கா, நார்மலா?" என்பார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியர் "நார்மல்" என்றால் நிம்மதி. பொறியியல் வகுப்பிலோ அது ஒரு பரப்புக்குச் செங்குத்தான கோடு. கட்டடப் பொறியாளரான எனக்கு அந்தச் சொல்லின் பிறப்புதான் மிகவும் பிடிக்கும். லத்தீனில் 'நார்மா' என்பது தச்சர்கள் மூலை சரிபார்க்கும் கருவி. எங்கள் கொத்தனார்கள் கையில் இருக்கும் மூலைமட்டம்தான். அதற்குச் சரியாக நின்றது நார்மல். விதிக்கு உட்பட்டது, வழக்கமானது என்ற பொருள்களெல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை.

எங்கள் ஊரில் இன்னொரு பொருளும் உண்டு: அறுவை சிகிச்சை இல்லாத பிரசவம். குழந்தை பிறந்த செய்தி போனதும் முதலில் வரும் கேள்வி, "நார்மலா?"

போன வருடம் என் அக்காவுக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். தாயும் மகளும் நலம். ஆனால் அக்கா கண் விழித்ததும், "அத்தைட்ட சொல்லிட்டியா?" என்றாள். அவள் மாமியார் அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயம் பார்ப்பவர். பிள்ளைகள் எல்லோரையும் வீட்டிலேயே பெற்றவர். நார்மலாகப் பிறக்க வேண்டுமென்று திருப்பரங்குன்றத்துக்குப் பால்குடம் நேர்ந்திருந்தார்.

"என்ன சொல்லுவாகளோ" என்று அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுதால் தையல் வலிக்கும்.

மாமியார் வந்தார். குழந்தையைப் பார்ப்பதற்கு முன் அக்காவின் நெற்றியைத் தொட்டார். "ரொம்ப வலிக்குதா தாயி?"

"பால்குடம் நேர்ந்தீகளே அத்தே..."

"எடுக்கத்தான் போறேன். ரெண்டு பேரும் நல்லாருக்கீகல்ல, இதுக்கு மேல அவரு என்ன செய்யணும்?"

அதற்குள் அவருடைய போன் அடித்தது. அவருடைய நாத்தனார். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன மதினி, நார்மலா?"

"பொட்டப்பிள்ள. கிளி மாதிரி இருக்கா."

"அது சரி, நார்மலா ஆப்பரேசனா?"

"ஏன், நீ தையல் பிரிக்க வாரியா? வாரதுன்னா பூண்டு ரசம் வச்சு எடுத்துட்டு வா."

அக்கா சிரித்துவிட்டாள். "அத்தே, சிரிக்க வைக்காதீக, இழுக்குது!"

மாமியார் அக்காவின் போனையும் கையில் எடுத்துக்கொண்டார். "எவ கேட்டாலும் நான் பேசிக்கிறேன். நீ கண்ணசரு."

நான் அவருக்கு வராண்டாவில் மின்விசிறிக்கு நேராக ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டேன். உட்கார்ந்து, அடித்துக்கொண்டே இருந்த போனை எடுத்தார். உள்ளே அக்கா தூங்கிவிட்டாள்.