மெற்றில்டா அக்கா போட்ட காற்று அட்டவணை

சுகந்தி என்னைத் தொலைபேசியில் கூப்பிடுவதில்லை. எதுவானாலும் வட்ஸ்அப்பில் இரண்டு வரி போடுவாள். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மார்க்கம் நகரில் என் அலுவலகத்துக்கு முன்னால் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது அவளுடைய அழைப்புத் திரையில் வந்தது. "மெற்றில்டா அக்கா போயிட்டா" என்றாள். நான் முதலில் கேட்டது, "ஆர் சொன்னது?" என்றுதான். நம்மவர்களின் குழுமங்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு எத்தனை தடவை கண்ணீர் அஞ்சலி வந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சுகந்தி அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் ஆதாரம் கேட்பது சரியல்ல என்று பட்டது. ஆகவே செய்தியைச் சரிபார்க்க மெற்றில்டா அக்காவின் கைத்தொலைபேசிக்கே எடுத்தேன்.

மூன்றாவது மணியில் யாரோ எடுத்தார்கள். "அக்கா, இங்கை என்னவோ கதைக்கினம்..." என்று தொடங்கினேன். மறுமுனையில் இருந்தது அவருடைய மகள் ஜெனி. "ஓம் அன்ரி, உண்மைதான். காலமை அம்மா எழும்பேல்லை" என்றாள். பிறகு அந்தப் பிள்ளை, அந்த நேரத்திலும், "அம்மாட்டையே கேட்டு கன்ஃபேர்ம் பண்ணப் பாத்தனீங்களோ?" என்று கேட்டுச் சிரித்துவிட்டாள். அது அப்படியே தாயின் சிரிப்பு.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று கேட்டவளும் ஜெனிதான். எனக்குத் தயக்கம் இருந்தது. இப்படியான மலர்களில் இறந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நல்லவர்களாகிவிடுகிறார்கள். மெற்றில்டா அக்கா பொறுமைசாலி அல்லர். தேவாலயத்திலும் சத்தமாகத்தான் பேசுவார். அடுத்தவரின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கேட்காமல் கைவைப்பார். இதை வாசித்து நீங்கள் தலையாட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். இனி நான் சொல்லப்போவது உங்களில் பலர் பார்க்காத மெற்றில்டா அக்காவை. சைக்கிளில் ஏறிய மெற்றில்டா அக்காவை.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஜக்ஸிலிருந்து ஸ்காபரோ நோக்கி ஏரிக்கரையால் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். முகத்துக்கு நேரே காற்று. நான் எப்போதும் தனியாகத்தான் ஓடுவேன். ஆட்களுக்காகக் காத்து நிற்பது எனக்குப் பிடிக்காது. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தாங்க்ஸ் பிள்ளை. நல்ல முதுகு உங்களுக்கு. பிக்கரிங்கிலையிருந்து என்னிலை காத்தே படேல்லை."

திரும்பிப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட, பருத்த உடம்புள்ள ஒரு பெண், பழைய சைக்கிள் ஒன்றில், என் பின்சில்லுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றார். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவரை ஒட்டிப் பின்னால் வருகிறவருக்குப் பாதி உழைப்புப் போதும். சைக்கிள் ஓடுகிறவர்கள் இதை ஒருவரையொருவர் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். இவர் கேட்கவில்லை.

"நான் தமிழ் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கொஞ்சம் விறைப்பாகத்தான் கேட்டேன்.

"மேட்டிலை ஏறேக்கை 'ஐயோ ஐயோ' எண்டு கொண்டு வந்தனீங்கள்."

பத்து நிமிடத்தில் 'நீங்கள்' போய் 'நீ' வந்துவிட்டது. அவர் மன்னாரில் பேசாலைக்காரர், மீன்பிடிக் குடும்பம், ஸ்காபரோவில் நகர பஸ் ஓட்டுகிறார் என்பதெல்லாம் அடுத்த சிவப்பு விளக்குக்குள் தெரிந்துவிட்டது. என்னைப்பற்றி அவர் கேட்டதற்கு நான் பாதிதான் சொன்னேன். மீதியை அவரே ஊகித்துக்கொண்டார், பெரும்பாலும் சரியாக.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய இதயக் குழாய் ஒன்றில் அடைப்பு வந்து ஸ்டென்ற் வைத்தார்கள். ஓய்வில் படுத்திருந்தபோதுதான் லன்சரோட்டே என்ற தீவை யாரோ எடுத்த காணொளியில் பார்த்திருக்கிறார். ஸ்பெயினுக்குச் சொந்தமானது, ஆபிரிக்கக் கரைக்கு அண்மையில் இருப்பது, எரிமலை கக்கிய கறுப்பு மண், மரமில்லாத மலைகள், நாள் முழுக்கக் காற்று. உலகத்தின் சைக்கிள்காரர் எல்லாம் அந்தக் காற்றில் அடிவாங்கப் போகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கிழமையே சுகந்தியையும் என்னையும் அஜக்ஸில் இருந்த தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். சுகந்தி பின்னர் எங்களோடு ஓடச் சேர்ந்தவள், மென்பொருள் வேலை செய்பவள், மூவரில் இளையவள், எதற்கும் உடனே 'ஓம்' சொல்பவள். நான் அப்படியில்லை.

"காத்தெண்டா அப்பர் கடலுக்குப் போகார். நாங்கள் கதவைச் சாத்திப்போட்டு வீட்டுக்குள்ளை இருப்பம்" என்றார் மெற்றில்டா அக்கா. "ரிக்கற் எடுத்துக் காத்தைத் தேடிப் போற முதல் ஆள் எங்கடை குடும்பத்திலை நான்தான்."

வைத்தியர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். இதயத் துடிப்பு ஓர் அளவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கையிலிருக்கும் கடிகாரம் சத்தமிடும், உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஜெனியின் நிபந்தனை அதைவிடக் கடுமையானது. காற்றுக்கு நேரே அம்மா முன்னால் போகக்கூடாது, மாறி மாறி முன்னால் போக இரண்டு பேராவது இருந்தால்தான் பயணம். ஒருவர் சுகந்தி. மற்றவர் நான். நான் இல்லையென்றால் பயணமும் இல்லை.

"பாப்பம் அக்கா" என்றேன்.

"உன்ரை 'பாப்பம்' எண்டா 'இல்லை'. எனக்குத் தெரியாதோ?"

நான் புவியியல் படித்தவள். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் எந்த வீட்டுக்குள் எப்போது வெள்ளம் வரலாம் என்று வரைபடம் பார்ப்பது என் வேலை. அந்தத் தீவின் காற்று எவ்வளவு கடுமையானது, வைத்தியசாலை மலையிலிருந்து எவ்வளவு தூரம், வழியில் நிழல் இல்லையே என்று வரிசையாக ஆட்சேபனைகளை வைத்தேன். அவர் ஒரு கொப்பியைத் திறந்து காட்டினார். "ஆசுப்பத்திரி குறிச்சாச்சு. கக்கூஸ் குறிச்சாச்சு. இனி றோட்டைத்தான் குறிக்கவேணும்." இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர்கள் அப்படித்தான் திட்டமிடுவார்களாம். எந்தப் பாதையிலும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்ப்பார்கள், பாதை அதற்குப் பிறகு. கொப்பியில் ஏழு நாட்களும் பஸ் அட்டவணையாக இருந்தன. 9.07 புறப்பாடு. 10.24 தரிப்பு, பதினொரு நிமிடம். ஏன் பத்து இல்லை என்று கேட்டேன். "பத்து எண்டு போட்டா சனம் பதினைஞ்சு எடுக்கும். பதினொண்டு எண்டு போட்டாத்தான் மணிக்கூட்டைப் பாக்கும்."

உண்மையில் என் தயக்கத்துக்கு வரைபடம் காரணமல்ல. முன்னால் போகிறவளின் வேகத்தில்தான் பின்னால் வருகிறவரின் இதயம் அடிக்கும். இன்னொருவரின் இதயத்தை அப்படிப் பொறுப்பெடுக்க நான் விரும்பவில்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் விடைபெற்றபோது வாசலில் வைத்து அவர் சொன்னார்: "நீ வராட்டி நான் போகேல்லை. அதுக்காக நீ வரவேண்டாம்."

அந்த வசனத்தை வைத்துக்கொண்டு மூன்று கிழமை யோசித்தேன். அதில் கெஞ்சல் இல்லை, குத்தலும் இல்லை. பிறகு 'வாறன்' என்று ஒரு சொல் அனுப்பினேன். பதிலுக்கு அவர் என் சைக்கிள் ஆசனத்தின் உயரத்தைக் கேட்டார், வேறொன்றும் எழுதவில்லை.

ஜனவரியில் அவருடைய பேஸ்மென்ற்றில் பயிற்சி தொடங்கியது. சைக்கிள்களைத் தாங்கிகளில் பூட்டிவிட்டு, எங்கள் முகத்துக்கு நேரே இரண்டு பெரிய ஃபான்களை முழு வேகத்தில் போட்டுவிடுவார். காற்றுப் பழக வேண்டுமாம். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே சுகந்தி குளிர்கால ஜக்கெற்றோடு மிதிக்கிறாள். மேலேயிருந்து ஜெனி, "அம்மா, ஹீற்றரும் ஓடுது, ஃபானும் ஓடுது, are you serious?" என்று கத்துவாள். "காத்துக்குக் குளிர் தெரியாது, நீ கதவைச் சாத்து" என்று கீழிருந்து பதில் போகும்.

மார்ச்சில் வெளியே ஓடத் தொடங்கினோம். முதல் பயிற்சிக்கு முதல்நாள் சனிக்கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது: 'நாளைக்குக் கச்சான். ஆளாளுக்கு முறை வரும். ஒருத்தரும் தப்பேலாது.'

மறுநாள் அஜக்ஸ் ஏரிக்கரையில் சந்தித்தோம். சுகந்தி முதுகுப் பையைத் திறந்து, இரண்டு கிலோ வறுத்த கச்சான் கடலையை, தோலோடு, சைக்கிள் கைபிடியில் தொங்கவிட்டாள். "முதல் முறை என்ரை, அக்கா. அடுத்த கிழமை வாசுகி அக்கா கொண்டுவரட்டும்" என்று என்னைக் காட்டினாள்.

மெற்றில்டா அக்கா அந்தப் பையைப் பார்த்தார். சுகந்தியைப் பார்த்தார். "அடி விசரி, கச்சான் எண்டா காத்தடி! மேற்கையிருந்து வாற காத்து! ஆளாளுக்கு முன்னுக்குப் போற முறை வரும் எண்டுதானே எழுதினனான்!" என்றவர், சைக்கிளைச் சரித்துப் போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்து சிரித்தார். மேல்காற்றை மன்னார்க் கடற்காரர் கச்சான் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் கச்சான் என்றால் கொறிக்கிற நிலக்கடலை மட்டுந்தான். பருவக்காற்றைப் பற்றி நான் பல்கலைக்கழகத்தில் பரீட்சை எழுதியிருக்கிறேன். என் பையிலும் ஒரு கிலோ இருந்தது. அதை அன்று வெளியே எடுக்கவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் காற்றின் பெயர் மட்டும் வரும். வாடை. கொண்டல். சோளகம். காற்றுக்கே அட்டவணை போட்ட ஒரே பஸ் சாரதி அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரலில் போனோம். கறுப்பு மண்ணில் குழி தோண்டி, குழிக்கு ஒரு திராட்சைக் கொடி நட்டு, காற்றுப் படாமல் அரைவட்டமாகக் கல் அடுக்கியிருந்தார்கள், மைல் கணக்கில். "பாத்தியோ, உவையும் ஆரின்ரையோ முதுகுக்குப் பின்னாலைதான் இருக்கினம்" என்றார் மெற்றில்டா அக்கா. சுகந்தி கொஞ்சத் தூரம், நான் கொஞ்சத் தூரம் என்று முன்னால் போனோம். முன்னால் போகிறவள் திரும்பிப் பார்த்தால் சைக்கிள் ஆடிவிடும், பின்னால் வருகிறவர் மோதிவிடுவார். அதனால் நான் காதால்தான் அவரைக் கவனித்தேன். மூச்சு, சங்கிலியின் சத்தம், இடையிடையே கடிகாரத்தின் 'பீப்'. 'பீப்' கேட்டால் மெதுவாவேன். முதல் மூன்று நாளும் அட்டவணை பிசகவில்லை.

நான்காம் நாள் வடமுனை. மலையின் விளிம்பில், கடலுக்கு மேலே, ஒரு பார்வை முனை இருக்கிறது. காணொளியில் அவர் பார்த்தது அதைத்தான். கொப்பியில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டிருந்தார். வாடைக்காற்று நேரே எதிரில். ஏறிக்கொண்டே போனோம். முறை என்னுடையது. மேலே வேலிக் கம்பிகள் தெரிந்தன, இன்னும் மூன்று வளைவு. அந்த இடத்தில் காற்று பெருஞ்சத்தமாக மாறியது. நான் கையை உயர்த்தி, மெதுவாகி, ஓரமாக நின்றேன்.

"ஏன் நிண்டனி?" மெற்றில்டா அக்கா கத்த வேண்டியிருந்தது.

"உங்களை எனக்குக் கேக்கேல்லை."

"நான் இஞ்சைதானே நிக்கிறன்!"

"நிக்கிறியள். ஆனா மிதிக்கேக்கை கேக்கேல்லை அக்கா. மூச்சும் கேக்கேல்லை, மணிக்கூடும் கேக்கேல்லை. இதுக்கு மேலை நான் கூட்டிக்கொண்டு போகமாட்டன்."

அவருடைய கையைப் பார்த்தேன். கடிகாரத்தில் சிவப்பு மின்னிக்கொண்டிருந்தது. சத்தம் அவருக்கே கேட்டிருக்கவில்லை. அவர் மேலே பார்த்தார். அவ்வளவு ஆசையோடு ஒரு பெரிய மனுஷி எதையும் பார்த்து நான் கண்டதில்லை. சுகந்தி தார் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உங்களில் பஸ்ஸில் வேலைக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பஸ் பிந்தி ஓடினால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சாரதிக்கு உத்தரவு வரும். கடைசி நிறுத்தம் வரை போகாதே, ஆட்களை இறக்கிவிட்டு இடையிலேயே திரும்பு. அதற்கு ஷோர்ட் டேர்ன் என்று பெயர். பனிக்குள் இறக்கிவிடப்பட்ட சனம் சாரதியைத்தான் ஏசும்.

மெற்றில்டா அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, காற்றை மீறிக் கத்தினார். "கொன்ட்ரோல் சொல்லிப்போட்டுது! ஷோர்ட் டேர்ன்! எல்லாரும் இறங்குங்கோ!" உடனே குரலை மாற்றி, "என்ன விசர் பஸ்ஸப்பா இது! நான் வேலைக்குப் போறேல்லையோ?" என்று பயணியாகித் தன்னையே ஏசினார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

இறங்கும்போது அதே காற்று முதுகில். மிதிக்கவே தேவையில்லை. கறுப்பு மலைகள் பின்னால் ஓடின. மூன்று பேரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி கத்திக்கொண்டு இறங்கினோம். நானும் கத்தினேன், சுகந்தி சாட்சி. கீழே முதல் ஊரில் வெதுப்பகம் ஒன்றைக் கண்டதும், பின்னாலிருந்து "டிங்!" என்று மணியடித்து, "அடுத்த ஸ்ரொப்பிலை இறக்கம்!" என்று சத்தம் வந்தது. அட்டவணையில் அந்தத் தரிப்பு இல்லை. ஒரு மணித்தியாலம் இருந்தோம்.

அவர் அதைப்பற்றிப் பிறகு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அவர் போன பிறகு எனக்கு அந்த மூன்று வளைவும் திரும்பத் திரும்ப வந்தன. இனி இன்னொரு ஏப்ரல் அவருக்கு இல்லை என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? தெரியாது. உடல் வைத்திருந்த மலர்ச்சாலையில் ஜெனி என்னிடம் கேட்டாள். "அம்மா மேலை வரைக்கும் போனவவோ அன்ரி? ஆளுக்கொரு கதை சொல்லி வைச்சிருக்கிறா."

"இல்லை. நான்தான் திருப்பினனான். மூண்டு வளைவு இருந்தது."

ஜெனி தலையாட்டினாள். "என்னட்டை மட்டும் அப்பிடித்தான் சொன்னவ. 'அவளுக்கு என்னைக் கேக்கேல்லையாம், அதுக்காக நிண்டவள். இருபத்தெட்டு வருசம் எனக்குப் பின்னாலை எவ்வளவு சனம் இருந்தது, நான் ஆரையும் அப்பிடிக் கேட்டதில்லை' எண்டு. சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ."

அதன்பிறகு அந்த மூன்று வளைவைப் பற்றி நான் கவலைப்படுவதை ஓரளவு நிறுத்திவிட்டேன்.

மெற்றில்டா அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு காது. போன ஞாயிறு சுகந்தியும் நானும் ஏரிக்கரையால் ஓடினோம். முன்னால் நான். பாதி வழியில் அவள் பின்னாலிருந்து, "ஏன் வாசுகி அக்கா இண்டைக்கு இவ்வளவு ஸ்லோ?" என்று கேட்டாள்.

"உனக்குத் தடிமன். மூக்கடைப்பிலை மூச்சு வேறை மாதிரிக் கேக்குது" என்றேன்.

"ஐயோ, அதெல்லாம் கேக்குதோ?"

கேட்கிறது.