ஐந்தாவது ‘கெட்’

எஸ்.எஸ்.எல்.சி.யோடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுதிப் பழக்கமில்லாத நானும் எழுத வந்ததை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. சேலத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா இல்லாத வீடு. அந்த வேலையைத்தான் அம்மாவும் தங்கைகளும் நம்பியிருந்தார்கள். அங்கே கேள்வி கேட்கும் அதிகாரி, ‘கெட்’ என்ற இங்கிலீஷ் வினைச்சொல்லை ஐந்து விதமாகப் பயன்படுத்திச் சொல்லச் சொல்வார் என்று, முன்பு போய்வந்த நண்பன் எச்சரித்திருந்தான். நாமக்கல்லில் பஸ் ஏறியதிலிருந்து, அவற்றை எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து முணுமுணுத்தேன்.

பக்கத்தில் எருமப்பட்டி அம்மாள் ஒருவர், மடியில் கோழிக்கூடையோடு.

“ஏஞ்சாமி, என்ன மந்திரமுங்க?”

சொன்னேன்.

“அட, இதுக்கா இந்தப் பாடு! நம்ம கோழிய வெச்சுச் சொல்லுங்க. எந்திரிச்சா?”

“கெட் அப்.”

“நனைஞ்சா?”

“கெட் வெட்.”

“கோவம் வந்தா?”

“கெட் ஆங்க்ரி.”

“கொழம்புக்குப் போனா?”

“அது சீட்டுல இல்லீங்க.”

“அப்ப கோழிக்கு நல்ல காலந்தான்!”

ஒரு மேட்டில் பஸ் திணறி நின்றது. தள்ளுவதற்காக எல்லாரும் இறங்கினோம். “இது கெட் டவுனுங்க” என்றேன். அந்த நேரம் பார்த்துக் கோழி கூடையைவிட்டுப் பாய்ந்தது. “கெட் அவே! கெட் அவே!” என்று கத்திக்கொண்டே சோளக்காட்டில் துரத்திப் பிடித்தேன். பஸ்ஸே சிரித்தது.

சேலத்தில் இறங்கியதும், செவ்வாய்ப்பேட்டையில் தன் தங்கை வீட்டுக்குப் போக வேண்டிய அந்த அம்மாள், எனக்கு வழி தெரியாதென்று ஆபீஸ் வாசல் வரை வந்தார். “தடுமாறினா நம்ம கோழிய நெனச்சுக்குங்க, சாமி” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அங்கே நின்ற கோட்டுப் போட்ட ஒருவர், “யார் சார், உங்க அம்மாவா?” என்று சிரித்தார்.

“யாரோ. எனக்குத் தெரியாது” என்றேன்.

அந்த அம்மாள் இன்னும் நாலடி கூடப் போகவில்லை. ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்காமல், கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

உள்ளே, நான்கு சொன்னதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதிகாரி காத்திருந்தார். சோளக்காடும் கோழியும் கண்முன் வந்தன. “கெட் அவே” என்றேன். வேலை கிடைத்தது.

இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் சாப்பிட்டுவிட்டேன். எனக்கு உதவியவரைத் தெரியாது என்று சொன்ன வாய்தான் இது என்பது இன்னும் உறுத்துகிறது.

வேலை கிடைத்த மறுநாள் காலை செவ்வாய்ப்பேட்டையில் அந்த அம்மாளைப் பற்றித் தெருத் தெருவாகக் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. பத்து மணிக்கு வேலையில் சேர்ந்தேன்.