நுரையீரல் கழுவும் தூள்

சிவநாயகிக்கு எதையும் முதல் தடவையிலேயே நம்பிப் பழக்கமில்லை. கடையில் பால் வாங்கும்போது பெட்டியில் அடித்திருக்கும் திகதியைப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து மணந்தும் பார்ப்பாள். கலியாண வீட்டில் யாராவது வழக்கத்தைவிடக் கூடச் சிரித்துக் கதைத்தால், இவ என்னத்தையோ கேட்கப் போகிறா என்று கணவரின் காதில் சொல்லுவாள். அநேகமாக அப்படித்தான் நடக்கும். ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் அவர்கள் இருந்த மாடிக்கட்டடத்துத் தமிழ்ச் சனம் அவளுக்கு வைத்த பெயர் ‘சி.ஐ.டி. அக்கா’. அது அவளுக்கும் தெரியும்.

சாவகச்சேரிப் பக்கம் வளர்ந்தவள். கேட்பவர் யார், ஏன் கேட்கிறார் என்று யோசிக்காமல் வாய் திறந்தவர்கள் வீடு திரும்பாத காலத்தில் அவளுடைய பள்ளிக்கூட வயது கழிந்தது. நோர்வேக்கு வந்த பிறகும் அந்தக் குணம் குறையவில்லை. சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பார்னஹாகேயில் வேலை கிடைத்தபோது அது உதவவும் செய்தது. ஒருமுறை ஒரு பிள்ளையின் உதட்டில் சிவப்பு ஒட்டியிருந்ததை எல்லோரும் ஜாம் என்று நினைத்தார்கள். அவள் மட்டும் வாயைத் திறக்க வைத்து, வேலியோரம் காய்த்திருந்த நச்சுப் பழத்தை விரலால் தோண்டி எடுத்தாள். அதன் பிறகு அங்கே அவளை யாரும் கேலி செய்யவில்லை.

அவளுடைய கணவர் யோகலிங்கம் நகரத்துச் சிவப்பு பஸ் ஓட்டுபவர். சிகரெட்டை ஒளித்துப் பிடிக்கிறவர் அல்ல. மாரிகாலக் குளிரிலும் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பல்கனியில் நின்று பிடிப்பார். பஸ் கடைசித் தரிப்பில் நிற்கும்போது இறங்கிப் பிடிப்பார். இருபது வயதில் தொடங்கியது. ஐம்பத்தெட்டில் காலை இருமல் ஒன்று வந்து சேர்ந்தது. அவர் எழும்பி முகம் கழுவி முடியும்வரை அது விடாது. சிவநாயகி கரைச்சல் கொடுத்துத்தான் அவரைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

வைத்தியர் ஒரு குழாயைக் கொடுத்து, மூச்சை முழுதாக இழுத்து ஊதச் சொன்னார். பிறகு ‘கோல்ஸ்’ என்றார். புகை பிடிப்பவர்களின் மூச்சுக் குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்கிப்போகும் வருத்தம் அது. இப்போதுதான் தொடக்கம், போனது திரும்பி வராது, சிகரெட்டை விட்டால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்று விளக்கினார். யோகலிங்கம் தலையாட்டினார். சுரங்க ரயிலில் வீட்டுக்கு வந்தார்கள். இறங்கியதும் ஒன்றைப் பற்றவைத்தார்.

சிவநாயகி மூலிகைக்கு எதிரி அல்ல. அன்றைக்கே தமிழ்க் கடைக்குப் போய்க் காய்ந்த தூதுவளை வாங்கி வந்து மிளகு, சீரகம் தட்டிப்போட்டு ரசம் வைத்தாள். அதிமதுரம் அவித்துக் கொடுத்தாள். அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். தொண்டைக்குச் சுகமாயிருக்கு என்றார். இருமல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்து அவள் ஏமாறவில்லை. ரசம் ரசத்தின் வேலையைத்தானே செய்யும் என்று நினைத்தாள்.

அந்த நேரத்தில்தான் டானியல் ஒரு டப்பாவோடு வந்தான். மன்னார்க்காரன். யோகலிங்கத்தோடு ஒரே டிப்போவில் பஸ் ஓட்டுபவன், அவரைவிடப் பத்து வயது இளையவன், அவனும் சிகரெட்காரன். கன்னம் ஒட்டிய மெலிந்த ஆள். டப்பாவில் பச்சை இலையும் இரண்டு நுரையீரலும் படம் போட்டிருந்தது. ஆடாதோடை, தூதுவளை, திப்பிலி என்று தமிழில் எழுதியிருந்தது. புகைப்பவர்களின் நுரையீரலைக் கழுவிச் சுத்தமாக்கும் என்றும் இருந்தது. செய்தவர் யார், எந்த ஊர் என்று எங்கும் இல்லை.

சிவநாயகி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை ஆர் செய்தது?" என்று கேட்டாள்.

"தெரியாது அக்கா. மனிசியின்ரை தமக்கை இந்தியாவிலை இருக்கிறா, அவதான் அனுப்பினவ. நான் கொஞ்ச நாளாய் எடுக்கிறன். படி ஏற இளைச்ச ஆள், இப்ப ஓடி ஏறுறன். அதுதான் அண்ணைக்கும் கொண்டு வந்தனான்."

அவன் போன பிறகு, காசு கேட்டவனோ என்று கணவரிடம் விசாரித்தாள். கேட்கவில்லை என்றார் அவர். "அப்ப இன்னும் யோசிக்க வேணும்" என்றாள். யோகலிங்கம் சிரித்துவிட்டு ஒரு கரண்டித் தூளை வெந்நீரில் கரைத்துக் குடித்தார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் காலை இருமல் நின்றுவிட்டது.

வேறு வீடாயிருந்தால் கோயிலில் அர்ச்சனை செய்திருப்பார்கள். சிவநாயகிக்கோ அந்த அமைதி பிடிக்கவில்லை. அவள் பிறந்த வீட்டிலும் இருமலுக்கு ஆடாதோடைதான் கொடுத்தார்கள். அது நாக்கைக் கசக்க வைத்து, பொறுமையாகத்தான் வேலை செய்யும். நாற்பது வருடப் புகையை நாலைந்து நாளில் நிறுத்தும் இலை எது என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததோடு இன்னொன்றும் சேர்ந்தது: யோகலிங்கம் முன்பைவிடக் கூடப் புகைக்கத் தொடங்கினார். கேட்டதற்கு, "தூள்தான் கழுவுதே, பிறகு என்ன?" என்றார். ஊத்தை வேட்டியைப் பற்றிக் கதைப்பது போலத்தான் அவர் தன் நெஞ்சைப் பற்றிக் கதைத்தார்.

மாரி முழுக்க டானியலின் டப்பாக்கள் வந்துகொண்டிருந்தன. யோகலிங்கமும் மாறிக்கொண்டிருந்தார். இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். விடியமுன் எழும்பி வீடு கூட்டினார். பாட்டுப் பாடினார். திடீரெனக் கோபப்பட்டார். புதிய சேட் வாங்கினார், பழையவை கழுத்தில் இறுக்குகின்றன என்றார். ஐம்பத்தெட்டு வயது மனிதன் நித்திரையில்லாமல் பாடிக்கொண்டு புதிய சேட் போட்டால் பெண்சாதி என்ன நினைப்பாள்? சிவநாயகியும் அதையே நினைத்தாள். அவருடைய ஜாக்கெட்டை மணந்து பார்த்தாள். சிகரெட் மணம்தான் இருந்தது. அதனாலும் அவள் மனம் ஆறவில்லை.

ஒருநாள் பார்னஹாகேயில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு வந்து, அவர் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறினாள். நடுக் கதவால் ஏறி, சால்வையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பின் இருக்கையில் ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் இருந்தாள். யாரோ ஒருத்தி ஏறி முன்னுக்கு நின்று அவரோடு கதைப்பாள் என்று காத்திருந்தாள். யாரும் கதைக்கவில்லை. கடைசித் தரிப்பில் எல்லோரோடும் சேர்ந்து இறங்கி, தரிப்பிடக் கண்ணாடிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

முன்னால் இன்னொரு பஸ் நின்றது. அதன் பக்கத்தில் சீருடையோடு இரண்டு ஆண்கள் நின்று புகைத்தார்கள். அவளுக்கு ஒரு கணம் அவர்களில் தன் கணவர் எவர் என்று தெரியவில்லை.

கூர்ந்து பார்த்தாள். மற்றவன் டானியல். ஒட்டிய கன்னமுள்ள அந்த டானியலைக் காணவில்லை. கன்னங்கள் உப்பி, தாடை மறைந்து, கண் சிறுத்து, முழு நிலவு போல ஒரு முகம். யோகலிங்கத்துக்கும் அதே முகம். ஒருவர் சாவகச்சேரி, மற்றவன் மன்னார். உறவும் இல்லை, சாயலும் இல்லை. கூடப்பிறந்தவர்கள் போல நின்று புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் பார்க்கும் முகம் என்பதால் வீட்டில் தனக்குத் தெரியாமல் போயிருக்கிறது என்று அவளுக்கு அப்போது உறைத்தது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது சிகரெட்டும் அந்தத் தூளும். சிகரெட் யாரையும் இப்படி ஊத வைத்ததை அவள் கண்டதில்லை.

நேரே வீட்டுக்கு வந்தாள். அலுமாரியில் இருந்த டப்பாக்களை எடுத்துக் கீழே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டிக்குள் கொட்டினாள். அவர் வந்ததும் மறைக்காமல் சொன்னாள். அன்று அந்த வீட்டில் இருந்த சத்தம் பக்கத்து வீடுகளுக்கும் கேட்டது. கடைசியில் யோகலிங்கம் குரலைத் தாழ்த்தி, "நீர் என்ரை மூச்சையெல்லோ எடுத்து எறிஞ்சனீர்" என்றார். டானியலிடம் கேட்டுப் பார்த்தார். அடுத்த பொதி இன்னும் வரவில்லை, தன்னிடம் டப்பாவின் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்று அவன் சொல்லிவிட்டான்.

அடுத்த நாள் அவருக்கு உடம்பு நொந்தது. அதற்கு அடுத்த நாள் சாப்பாடு இறங்கவில்லை, சத்தி எடுத்தார். வேலைக்குப் போகவில்லை. கோபத்தில் நடிக்கிறார் என்று சிவநாயகி நினைத்தாள். பின்னேரம் வைத்தியரிடம் போவோம் என்று இருவரும் கீழே வந்தபோது, லிஃப்ட் வாசலில் அவர் சுவரைப் பிடித்தபடி சரிந்து விழுந்தார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது.

மருத்துவமனையில் ஒரு இளம் பெண் வைத்தியர் அவளிடம் கேட்டார்: வீட்டில் ஏதாவது மருந்து எடுக்கிறவரா?

இல்லை என்றாள் சிவநாயகி. அந்தப் பெண் எழுதுவது எங்கெல்லாம் போகும், பஸ் ஓட்டும் அனுமதியைப் பறிப்பார்களோ, டானியலைப் பொலிஸ் தேடுமோ என்று ஒரு நொடியில் அவள் மனம் எல்லாவற்றையும் ஓடிப் பார்த்துவிட்டது. வைத்தியர் தலையாட்டிவிட்டு இரத்த அழுத்தத்தை இன்னொரு தடவை பார்த்தார். அது இன்னும் இறங்கியிருந்தது. ஆட்கள் கூடினார்கள். கட்டிலில் கிடந்த அந்த உப்பிய முகத்தைப் பார்த்தபடி நின்ற சிவநாயகி, வைத்தியரின் கையைப் பிடித்து, தான் சொன்னது பொய் என்றாள். தூளைப் பற்றியும், அதை எடுத்து எறிந்ததையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

வைத்தியர் அவளைத் திட்டவில்லை. உடனே ஒரு ஊசி போடச் சொன்னார். பிறகு, அந்தத் தூளில் கொஞ்சமாவது எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டார்.

அது அவள் மாரி முழுக்கச் சந்தேகப்பட்ட ஆளிடம் மட்டும்தான் இருந்தது. அவள் டானியலுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஏன், எதற்கு என்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. வந்தபோது டப்பாவை முழுதாகவே நீட்டினான். "அக்கா, எனக்கும் ரெண்டு நாளாய் உடம்பு சரியில்லை. மிச்சத்தை இழுத்துப் பிடிச்சு அரைக் கரண்டியாய் எடுத்தனான்" என்றான். டப்பாவை வாங்க வந்த வைத்தியர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, டப்பாவை மேசையில் வைத்து, முதலில் அவனை இருக்கச் சொன்னார்.

தூளைச் சோதித்த முடிவு சில கிழமைகள் கழித்து வந்தது. இலைகள் இருந்தன, பொய்யில்லை. டப்பாவில் எழுதாத இன்னொன்றும் இருந்தது: வைத்தியர் சீட்டில்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாத கோர்ட்டிசோன் வகை மருந்து, நல்ல அளவில். இருமலை அடக்கியதும், பசியைக் கிளப்பியதும், நித்திரையைக் கலைத்ததும், முகத்தை ஊதவைத்ததும், பாட்டையும் கோபத்தையும் கொண்டுவந்ததும் அதுதான். வெளியிலிருந்து கிடைத்துக்கொண்டிருந்ததால் உடம்பு தனக்குத் தேவையானதைச் சுரக்க மறந்துவிட்டது. திடீரென நிறுத்தியதால்தான் அவர் விழுந்தார். யார் கலந்தது, எங்கே கலந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. டானியலின் மைத்துனி வாங்கிய கடையில் கேட்டபோது, கொண்டுவந்து போட்டவர் இப்போது வருவதில்லை என்றார்களாம்.

திடீரென நிறுத்தியதால் விழுந்தார் என்பதைச் சிவநாயகி இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவள் சந்தேகப்பட்டது சரி. அவள் செய்தது அவரைக் கொல்லப் பார்த்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் அதைச் சொன்னபோது அவர், "நீர் எறியாட்டி நான் இன்னும் குடிச்சுக்கொண்டு இருந்திருப்பன்" என்றார். அவருக்கு அதோடு விஷயம் முடிந்தது. அவளுக்கு முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டானியல் வீட்டுக்குச் சாப்பாடு சமைத்துக் கொண்டுபோனாள். அவனுடைய பெண்சாதி பிரியந்தினி, என்ன விசேஷம் அக்கா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே சந்தேகத்துக்குரிய ஆள் போல அவர்கள் வீட்டுக் கதிரையில் இருந்தாள்.

யோகலிங்கத்துக்கும் டானியலுக்கும் அதே மருந்தை வைத்தியர்கள் மாத்திரையாகக் கொடுத்து, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார்கள். அந்தக் காலம் யோகலிங்கம் பஸ் ஓட்டவில்லை. டிப்போவில் சின்ன வேலைகள் செய்தார். முகம் மெல்லப் பழையபடி வந்தது. இருமலும் கூடவே வந்தது. முதல் நாள் காலை அது கேட்டபோது, கட்டில் ஓரத்தில் இருந்து அவர் அழுதார். கழுவப்பட்டது என்று நம்பிய நுரையீரல் அப்படியே இருந்தது. தூதுவளை ரசம் குடிக்கலாமா என்று சிவநாயகி வைத்தியரிடம் கேட்டாள். உங்கள் சமையல்தானே, தாராளமாகக் குடியுங்கள், சிகரெட்டுக்கு அது மாற்றில்லை என்றார் அவர்.

அதன் பிறகுதான் யோகலிங்கம் சிகரெட்டை விட்டார். தோளில் நிக்கொட்டின் பட்டை ஒட்டினார், மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு டானியலோடு போனார். டானியல் இரண்டு தடவை விட்டுத் திரும்பத் தொடங்கி, மூன்றாம் தடவை நிறுத்தினான்.

அடுத்த வருடம் சித்திரை மாதத்தில் ஒருநாள், பனி கரைந்து, மாரியில் வழுக்காமல் கொட்டிய சரளைக்கல் தெருவெல்லாம் கிடந்த நேரம், யோகலிங்கம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "இண்டைக்கு ஒண்டு பிடிச்சிட்டன் சிவம்" என்றார்.

சிவநாயகி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் சொல்லியிராவிட்டால் அவளுக்குத் தெரிந்திருக்காது. அன்றைக்கு அவள் மணந்து பார்க்கவும் நினைக்கவில்லை.

"சரி, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றாள். "சோறு ஆறப்போகுது."